அட்டெண்டன்ஸ்: சட்டம் கூப்பிட்டதா, சோறு கூப்பிட்டதா?

இந்த எபிசோடை ஆப்சென்ட் ஆன ஒரு பையனிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

1896 ஆகஸ்ட் 29, மதுரை. அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிற 16 வயது வெங்கடராமன், ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். "அப்படியே என் காலேஜ் ஃபீஸையும் கட்டிடு, பெட்டியில 5 ரூபாய் எடுத்துக்கோ" என்ற மாதிரி அண்ணன் சொல்கிறார். பையன் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தை வைத்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அவர்தான் ரமண மகரிஷி.

ஆன்மிகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு ஹெச்.எம். மாதிரி யோசிச்சுப் பாருங்க. பதிவேட்டில் பெயர் இருக்கு, ஆள் இல்லை. அன்றைக்கு அவரைத் திரும்ப அழைத்து வர எந்தச் சட்டமும் கிடையாது. இன்றைய கல்வி உரிமைச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடும். அப்படியென்றால் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு வரவைப்பது யார் பொறுப்பு? பெற்றோரா, வாத்தியாரா, அரசாங்கமா? இந்தக் கேள்விக்கு நம்ம ஊரில் 200 வருஷமாகப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

உள்ளங்கையில் சரஸ்வதி

1822இல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கு என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். வந்த விடை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள்.

அதற்குப் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் எழுதிய பதிலில் ஒரு அருமையான விவரம் இருக்கிறது. காலையில் முதலில் வருகிற பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருபவனுக்கு ஒரு பூஜ்யம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு மெதுவாக ஒரு அடி. நான்காவது ஆளுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டே போகும். கடைசியாக வருபவன் கதி உங்களுக்கே புரியும்!

இது வந்த பிள்ளைகளுக்கான விதி. வராத பிள்ளைகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சாதியால் திண்ணையிலேயே ஏற முடியாத பிள்ளைகளும், பெரும்பாலான பெண் பிள்ளைகளும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1920: ஒரே வருஷம், இரண்டு வழி

இங்கிலாந்தில் 1880இல் பள்ளி வருகை கட்டாயமாகிவிட்டது. இங்கே பரோடா சமஸ்தானம் 1893இல் அம்ரேலி பகுதியில் கட்டாயக் கல்வியைத் தொடங்கி, 1906இல் சமஸ்தானம் முழுக்கக் கொண்டுவந்தது. கோபால கிருஷ்ண கோகலே 1911இல் இந்தியாவுக்கே அப்படி ஒரு மசோதா கொண்டுவந்தார். 1912 மார்ச்சில் 13க்கு 38 என்ற வாக்குக் கணக்கில் அது தோற்றது. அரசாங்கம் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, பணம் இல்லை என்பது.

பிறகு 1920இல் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் விரும்பினால், அரசு ஒப்புதலோடு தங்கள் பகுதியில் கல்வியைக் கட்டாயமாக்கலாம். அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் போடவும் வழி இருந்தது. "விரும்பினால்" என்ற சொல்லைக் கவனிங்க. விரும்பாத ஊரில் எதுவும் மாறவில்லை.

அதே 1920இல் சென்னை மாநகராட்சி வேறு ஒரு வழியை யோசித்தது. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. வருகை கூடியது, மற்ற சில பள்ளிகளுக்கும் திட்டம் போனது. ஆனால் ஆரம்பக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு தடுத்துவிட்டது. 1925இல் சமையல் நின்றது.

இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளை அனுப்பாத அப்பா அம்மாவைத் தண்டிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. வந்த பிள்ளைக்குச் சோறு போட இடம் இல்லை.

காதைத் தொட்டால் ஐந்து வயசு

சுதந்திரத்துக்குப் பிறகு 1953இல் ராஜாஜி கிராமப் பள்ளிகளில் 3 மணி நேரப் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரும் எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 1956இல் மதிய உணவு திரும்ப வந்தது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அந்த ஆயிரம் விளக்கு அடுப்பு இன்றுவரை எரிகிறது.

அந்தக் கால அட்மிஷன் எப்படி நடந்தது என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்க. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடணும். தொட்டால் ஐந்து வயசு, சேர்த்துக்கொள்ளலாம். பிறந்த தேதி தெரியாதா? வாத்தியாரே ஒன்றை எழுதிவிடுவார். அதனால்தான் நம் பெரியவர்கள் பல பேருக்கு மே, ஜூனில் "பிறந்தநாள்" வருகிறது. சிரிப்பாக இருந்தாலும், பேப்பர் இல்லை என்று அந்த வாத்தியார் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை.

பொறுப்பு கை மாறியது

2002இல் அரசியலமைப்பில் பிரிவு 21ஏ சேர்ந்தது. அதை நடைமுறைப்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்தது. அதில் "கட்டாயம்" என்ற சொல்லின் அர்த்தமே திரும்பிவிட்டது. 6 முதல் 14 வயதுப் பிள்ளை பள்ளியில் சேர்வதையும், தினமும் வருவதையும், படித்து முடிப்பதையும் உறுதி செய்வது அரசின் கடமை. பெற்றோருக்கும் கடமை உண்டு, ஆனால் அந்தச் சட்டத்தில் அவர்களுக்கு அபராதம் இல்லை.

வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது. வருஷத்துக்கு நடுவில் வந்தாலும் சேர்க்கணும். டி.சி. தாமதம் ஒரு காரணமாகாது. வயசுக்கு ஏற்ற வகுப்பில் உட்கார வைக்கணும். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் வேலை. பள்ளிக்கும் வருகைக் கணக்கு உண்டு: 5ஆம் வகுப்பு வரை 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் நடந்தாகணும். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக வருவது உண்டு.

பெயர் இருக்கு, பிள்ளை எங்கே?

திருவண்ணாமலை என்றதும் நமக்குக் கிரிவலம் ஞாபகம் வரும். அதே மாவட்டத்தில்தான் ஜவ்வாது மலை இருக்கிறது. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. அங்கே அரசு பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகள் உண்டு. சமவெளியில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த மாவட்டத்திலிருந்து செங்கல் சூளைக்கும், கரும்பு வெட்டுக்கும், சென்னை, பெங்களூரு கட்டட வேலைக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிறார்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் என்ற ஆன்லைன் பதிவில் ஒரு எண் உண்டு. ஒரு பள்ளியிலிருந்து விலகினால் பெயர் "காமன் பூல்" என்ற பொதுப் பட்டியலுக்குப் போகும். அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அடுத்த பள்ளி என்று ஒன்று வரவே இல்லை என்றால், அந்தப் பிள்ளை யாருடைய ஆப்சென்ட்டும் இல்லை. எந்த டீச்சரும் காலையில் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்.

நகரத்தில் இருக்கிற நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. நம்ம தெருவில் ஏறுகிற அபார்ட்மென்ட்டுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒன்பது வயசுப் பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கலாம். அவளிடம் டி.சி. இருக்காது, பிறப்புச் சான்றிதழ் இருக்காது, மாதம் நவம்பராக இருக்கலாம். மூன்றுமே தடை இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், வேறு பள்ளியில் சேர டி.சி. கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

அவள் அப்பா அம்மாவிடம் பேசிப் பாருங்க. பக்கத்து அரசுப் பள்ளி ஹெச்.எம். கிட்ட கூடப் போங்க. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் போனில் சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.