ஆயுள் என்றால் எத்தனை வருஷம்?

எங்கள் பக்கம் ராசிபுரம் ஆகட்டும், திருச்செங்கோடு ஆகட்டும், டீக்கடையில் கோர்ட் செய்தி பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் கட்டாயம் இதைச் சொல்வார்: "ஆயுள்னா என்னங்க, பதினாலு வருஷம். ஒழுங்கா நடந்துக்கிட்டா அதுக்கு முன்னாடியே வெளிய வந்துருவான்."

2025 மே மாதம் பொள்ளாச்சி வழக்கில் கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் முக்கியமானவர்களை சேலம் மத்திய சிறையில் வைத்திருந்ததால், இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வழக்கு கொஞ்சம் கூடுதலாகவே பழக்கம். அன்று நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆயுள்னாலே சாகும்வரைதானே? அதைத் தனியா வேற எழுதணுமா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல எழுபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் ஆயுள் தண்டனை என்ற பெயரே கிடையாது. ஆயுளுக்கும் நாடு கடத்துவது என்றுதான் இருந்தது. அந்தமான் அப்படி வந்ததுதான். 1955-ல் செய்த திருத்தத்தில்தான் அது ஆயுள் சிறை ஆனது. காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, 'இருபது வருஷம் ஆனதாகக் கணக்கு வைத்து என்னை விடுங்கள்' என்று கேட்டபோது, ஆயுள் என்றால் மிச்சமிருக்கும் ஆயுள் முழுவதும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே சொல்லிவிட்டது. குறைக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில். அரசாங்கம் குறைக்காவிட்டால் கைதி உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

அப்படியானால் பதினாலு எங்கிருந்து வந்தது? தண்டனையைக் குறைத்துக் கைதிகளைச் சீக்கிரம் விடுவது அதிகமாகிவிட்டது என்று 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரைப் பதினாலு வருஷம் முடியாமல் விடக்கூடாது என்பது அது. அதாவது, பதினாலு வருஷம் என்பது அதற்குமுன் திறக்கக்கூடாத கதவு. அந்த நாளில் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இதில் இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. அந்தக் காலத்தில் பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை கிடையாது. ஆகவே அந்தக் குற்றத்துக்கு மட்டும் ஆயுள் பெற்றவருக்கு இந்தப் பதினாலு வருஷக் கட்டாயமும் இல்லை.

இதற்கும் மேலே அரசியல் சட்டத்தின் 161-வது பிரிவு இருக்கிறது. ஆளுநர் பெயரில் மாநில அரசு மன்னிக்கலாம், குறைக்கலாம். நம் தமிழ்நாட்டில் அது தலைவர்களின் பிறந்த நாளோடு ஒட்டிக்கொண்டது. 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு, ஏழு வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் ஒரே மூச்சில் வெளியே வந்தார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்குப் பத்து வருஷம் என்று கணக்கு வைத்தார்கள். பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகளுக்கு அந்தச் சலுகை இல்லை என்று அரசாணையிலேயே எழுதியிருந்தார்கள்.

அந்த 2018 விடுதலை எங்கள் பக்கத்தை வேறு வழியில் தொட்டது. 2000-ல் தருமபுரியில் பஸ்ஸுக்குத் தீ வைத்ததில் வேளாண் கல்லூரி மாணவிகள் மூவர் இறந்தார்கள். ஒரு பெண் நாமக்கல்லைச் சேர்ந்தவர். வழக்கு சேலம் கோர்ட்டில் நடந்து, 2007-ல் மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாக மாற்றியது. 2018 நவம்பரில் மூவரும் வேலூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அது பாலியல் குற்றம் அல்ல. ஆனால் தண்டனை என்று கோர்ட் சொன்ன சொல் என்ன ஆகிறது என்பதை இந்தப் பக்கத்து மக்கள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

பாலியல் குற்றத்தில் இந்தக் கதவை முன்கூட்டியே பூட்டப் பார்த்தவர் ஒரு மாவட்ட நீதிபதி. விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா, 13 சிறுமிகளையும் பெண்களையும் வன்கொடுமை செய்தது, ஒரு கொலை ஆகிய குற்றங்களுக்காக 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிமன்றத்தில் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். எந்த அரசு கொடுக்கும் தண்டனைக் குறைப்பும் இவருக்குப் பொருந்தாது என்று நீதிபதி தீர்ப்பிலேயே எழுதினார். அந்த நீதிபதி ஆர். பானுமதி. ஊத்தங்கரையில் பிறந்து, அரூர், கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் வக்கீலாக இருந்தவர். பழைய சேலம் ஜில்லாக்காரர் என்றே சொல்லலாம். பிற்பாடு உச்ச நீதிமன்றம்வரை போனார். பிரேமானந்தாவின் தண்டனையை 2005-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2011 பிப்ரவரியில் அவர் கைதியாகவே இறந்தார்.

பிறகு சட்டமே மாறியது. 2008-ல் சிரத்தானந்தா வழக்கில், தூக்குக்கும் பதினாலு வருஷத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்ப, தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் என்ற ஒன்றை உச்ச நீதிமன்றம் ஏற்றது. டெல்லி மாணவி கொடுமைக்குப் பிறகு 2013-ல் வந்த திருத்தம், கடுமையான பாலியல் குற்றங்களில் ஆயுள் என்றால் இயற்கையான ஆயுளின் மிச்சம் முழுவதும் என்று சட்டத்திலேயே எழுதியது. 2025 ஜூனில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் 30 வருஷம் குறைப்பே கிடையாது என்று சென்னை மகிளா நீதிமன்றம் சொன்னது. நண்பர் கேட்ட 'தனியா எழுதணுமா' என்பதற்கு இதுதான் பதில். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று பார்த்த பிறகு எழுத ஆரம்பித்தார்கள்.

சந்தேகம் இருந்தால் குஜராத்தைப் பாருங்கள். பில்கிஸ் பானு வழக்கில் ஆயுள் பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று விட்டார்கள். வெளியே வந்தவர்களுக்கு மாலையும் இனிப்பும் காத்திருந்தன. குஜராத் அரசுக்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, இரண்டு வாரத்தில் சிறைக்குத் திரும்பச் சொன்னது.

சரி, அப்படியென்றால் எல்லாரையும் சாகும்வரை உள்ளே வைத்துவிடலாமா? மறுபக்கத்து வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 433ஏ பிரிவு செல்லும் என்று 1980-ல் தீர்ப்பு எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யரே, மனிதன் திருந்துவான் என்று கடைசிவரை நம்பியவர். வெளியே போகும் நம்பிக்கை துளியும் இல்லாதவனைச் சிறைக்குள் கட்டி வைப்பதும் கஷ்டம். இன்னொன்று, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்த வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர்தான். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். சித்தப்பா தூக்கில் தொங்குவார் என்றால் எந்தக் குடும்பம் அந்தச் சிறுமியைப் புகார் கொடுக்க விடும்? கொலைக்கும் இதற்கும் ஒரே தண்டனை என்றால், சாட்சியாக இருக்கும் பெண்ணை உயிரோடு விடுவானா? தண்டனையை ஏற்றிக்கொண்டே போவது அவளுக்கு எதிராகவும் திரும்பும்.

என்னைக் கேட்டால், வருஷக் கணக்கை வைத்து நடக்கும் இந்தச் சண்டை பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதியை எங்கள் பக்கத்து வாச்சாத்தி காட்டுகிறது. அரூர் தாலுகாவில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. 1965-ல் தருமபுரி பிரியும்வரை சேலம் ஜில்லா.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பிறகு பெண்களையும் குழந்தைகளையும் கைது செய்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். முதலில் உள்ளே போனது பாதிக்கப்பட்டவர்கள். மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் போராடி, உயர் நீதிமன்றம் சொல்லி, சி.பி.ஐ. விசாரித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அதில் 17 பேர் வன்கொடுமை செய்தவர்கள்.

அத்தோடு முடிந்ததா? மேல்முறையீடு, ஜாமீன். இன்னொரு 12 வருஷம். நீதிபதி வேல்முருகன் தானே நேரில் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்து, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கவும், அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்கவும், அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். அன்று பள்ளிக்கூடம் போன பெண் இதைக் கேட்கும்போது நடுவயது தாண்டிவிட்டாள்.

இந்த 31 வருஷத்தையும் முன்விடுதலைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பேன். எந்த அரசாணையும் போடவில்லை, எந்தத் தலைவரின் பிறந்த நாளும் வரவில்லை. தண்டனை தொடங்காமலே 54 பேருக்கு ஆயுள் முடிந்துவிட்டது. மற்றவர்கள் வேலை பார்த்தார்கள், ஓய்வு பெற்றார்கள், என்னைப்போலப் பென்ஷன் வயதைத் தொட்டார்கள். 2022-ல் நாடு முழுவதும் தீர்ப்பு வந்த வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்கு 28-கூடத் தண்டனையில் முடியவில்லை. மிச்சப் பேருக்கு ஆயுளா, தூக்கா என்ற கேள்வியே எழவில்லை.

நியாயமான தண்டனை என்றால் எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். எத்தனை வருஷம் என்பதைக் குற்றத்தின் தன்மை பார்த்து நீதிபதி எழுதட்டும். அது 20 ஆகவும் இருக்கலாம், சாகும்வரையாகவும் இருக்கலாம். எழுதியபின் அது அப்படியே நடக்கட்டும். யாரையாவது முன்னால் விடுவதானால் அந்த ஒருவனின் கோப்பைப் பார்த்து, காரணத்தை எழுதி விடட்டும். விழாவுக்காகக் கூட்டமாக வேண்டாம். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். சந்தைக்குப் போன இடத்தில் அவனை நேருக்கு நேர் பார்த்துத்தான் அவன் வெளியே வந்தது அவளுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.