உப்பில்லாத கீரையும் அடைத்த கதவும்



மழை விடாமல் பெய்ததால் நேற்று மாலை வீட்டில் முருங்கைக்கீரை சூப் வைத்தோம். கடைசியில் உப்பு போடும்போது, சங்க இலக்கியத்தில் வரும் ஓர் அடுக்களை நினைவுக்கு வந்தது.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை நல்லூர் நத்தத்தனார் பாடினார். ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், தன் பழைய வறுமையை அதில் சொல்கிறான். கூரை இற்று விழுந்த அடுக்களை. அங்கே காளான் பூத்திருக்கிறது. குட்டி போட்ட நாய்க்கு மடியில் பாலில்லை. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதே என்று நாணி வாசற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள்.

கீரை கிடைத்தது, உப்பு ஏன் கிடைக்கவில்லை? கீரை குப்பைமேட்டில் தானாக முளைக்கும். உப்போ நெய்தல் நிலத்திலிருந்து வர வேண்டும். உமணர்கள் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய், உள்நாட்டில் நெல்லுக்கு மாற்றினார்கள். நெல் இல்லாத வீட்டில் உப்பும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

பிற்காலத்திலும் இந்தக் கணக்கு மாறவில்லை. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அதன்பின் வந்த ஆங்கில அரசும் உப்புக்கு வரி வாங்கியது. பணக்காரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி என்றால், பாரம் யாருக்கு அதிகம்? 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் நடந்தார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். 'உப்புக்காகவா இவ்வளவு பெரிய போராட்டம்?' என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்தப் பாணன் வீட்டு அடுக்களையைச் சொல்வேன். பிறகு கேட்கமாட்டார்கள்.

ஒருமுறை அப்படிப் பாடம் சொன்னபோது, வகுப்பில் ஒரு பெண் குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. மதியத்தில் டிபன் பாக்ஸின் மூடியை முக்கால்வாசி மூடி, கைவிட்டுச் சாப்பிடும் குழந்தை அது. உள்ளே பழைய சோறும் கீரையும்தான். அடைத்த கதவு எது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. மறுநாள் முதல் நானும் கீரை கொண்டுபோய், அந்தக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் மூடி திறந்தது.

இன்று அதே கீரைக்கு ஓட்டலில் 'சூப்' என்று பெயர், விலையும் தனி. வீட்டிலேயே செய்யலாம். ஒரு கைப்பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கேரட், பீன்ஸ் ஆகியவற்றை வதக்கி, பருப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். காய் வெந்ததும் இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை. மூடாமல் ஐந்து நிமிடம். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு இறக்குங்கள். பருப்பு இருப்பதால் வயிறும் நிறையும். கீரை வெந்து சுருங்கிய பிறகு உப்பு போட்டால் அளவு தப்பாது.

குப்பைக்கீரை என்று எதையும் இளக்காரமாகப் பேசாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் முன்னால். உங்கள் ஊரில் என்ன கீரையில் சூப் வைப்பீர்கள் என்று எழுதுங்கள்.