எனக்குப் பிடித்த ஐந்து படங்களும், ஊரைவிட்டு வந்தவர்களின் கதையும்

சினிமாப் பைத்தியம் யாரைக் கேட்டாலும் "எல்லாக் காலத்துக்கும் பிடித்த படங்கள்" என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். என்னிடமும் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு தரம் அதில் ஒரு படம் இறங்கும், ஒரு படம் ஏறும். ஆனால் ஐந்து படங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஏன் இந்த ஐந்து என்று யோசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஐந்துமே ஊரைவிட்டுக் கிளம்பியவர்களின் கதை, அல்லது கிளம்பச் சொல்லி நெருக்கப்பட்டவர்களின் கதை. புனேயில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு வேறு எது பிடிக்கும் என்கிறீர்களா? அதுவும் சரிதான் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். வருஷ வரிசையில் சொல்கிறேன்.

1. பராசக்தி (1952)

பராசக்தி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோர்ட் சீனும் கலைஞரின் வசனமும், அறிமுகப் படத்திலேயே சிவாஜி அதைப் பேசிய விதமும்தான். 1952 தீபாவளிக்கு வந்த படம். இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. ஆனால் வசனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கதையை மட்டும் பாருங்கள். ரங்கூனில் பிழைக்கும் மூன்று அண்ணன்கள், மதுரையில் ஒரு தங்கை. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். நடுவில் உலகப் போர் வந்துவிடுகிறது.

இது கற்பனைக்காக வைத்த ரங்கூன் இல்லை. 1931 கணக்கெடுப்பின்போது அந்த நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகக் கூலி முதல் செட்டியார் கடை வரை தமிழர்கள் இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டதும், லட்சக்கணக்கானவர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஏராளம். படம் வந்தபோது இதெல்லாம் நடந்து பத்து வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை வீட்டில் பர்மாவுக்குப் போய்த் திரும்பாதவர் ஒருவர் இருந்திருப்பார்!

திரும்பி வந்த குணசேகரனை ஊர் எப்படி வரவேற்கிறது? பணத்தைப் பறிகொடுத்து, பசியோடு தெருவில் நிற்கிறான். வெளியூரில் இருப்பவன் மனசுக்குள் வைத்திருக்கும் ஊர் வேறு, வந்து இறங்கும்போது இருக்கும் ஊர் வேறு. இதை முதலில் உரக்கச் சொன்ன தமிழ்ப் படம் என்று எனக்கு இதுதான் படுகிறது.

பர்மாக் கதை அத்தோடு முடியவில்லை. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்த சில வருஷங்களில் கடைகள் அரசுடைமையாக, மறுபடியும் கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்தார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்ததுதான். சிலர் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல், தரை வழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரேயில் குடியேறினார்கள். அங்கே தமிழ்க் கோயிலே உண்டு.

2. தோ பிகா ஜமீன் (1953)

பிமல் ராய் எடுத்த இந்திப் படம். வங்காளத்துக் கணக்கில் இரண்டு பிகா நிலம் என்பது ஒரு ஏக்கர்கூடத் தேறாது. அந்தத் துண்டு நிலத்தில் ஆலை கட்ட ஜமீன்தார் கண் வைக்கிறார். சம்பு தரமாட்டேன் என்கிறான். அவன் கணக்குப்படி அறுபத்தைந்து ரூபாய்க் கடன், கோர்ட்டில் இருநூற்று முப்பத்தைந்து ரூபாயாக வந்து நிற்கிறது. மூன்று மாதம் கெடு. கல்கத்தாவுக்குப் போய்க் கை ரிக்‌ஷா இழுக்கிறான்.

சம்புவாக நடித்த பல்ராஜ் சாஹ்னி படித்தவர், சாந்திநிகேதனில் பாடம் சொன்னவர், லண்டன் பிபிசியில் வேலை பார்த்தவர். இந்தப் படத்துக்காகக் கல்கத்தாத் தெருவில் நிஜமாகவே ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். 1954 கான் விழாவில் பரிசும், முதல் பிலிம்பேர் விருதும் வாங்கிய படம் இது.

நம்மில் பலர் "இரண்டு வருஷம் இருந்து கடனை அடைத்துவிட்டுத் திரும்பிவிடலாம்" என்று கிளம்பியவர்கள்தானே? சம்புவும் அப்படித்தான் கிளம்பினான். கடைசியில் நிலம் ஏலம் போய், வேலிக்குள் ஆலை எழும்பிக்கொண்டிருக்கிறது. ஒரு பிடி மண் எடுக்கிறான், காவல்காரன் அதையும் விடுவதில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம்.

3. கரம் ஹவா (1973)

இதிலும் பல்ராஜ் சாஹ்னிதான். ஆனால் இந்தப் படத்தில் பிரச்சினை தலைகீழ். பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் செருப்புத் தொழில் நடத்தும் சலீம் மிர்சாவைச் சுற்றி எல்லோரும் பாகிஸ்தானுக்குக் கிளம்புகிறார்கள். அண்ணன் போய்விட, அவர் பேரில் இருந்த பூர்வீக வீடு "வெளியேறியவர் சொத்து" என்று சட்டப்படி கைமாறுகிறது. வங்கி கடன் தர மறுக்கிறது, வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. "நான் ஏன் போகவேண்டும்?" என்பது மட்டும்தான் அவர் பக்கத்து வாதம்.

இயக்கியவர் எம்.எஸ். சத்யு, மைசூர்க்காரர். மூலக்கதை இஸ்மத் சுக்தாயுடையது. திரைக்கதை கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும். பல்ராஜ் சாஹ்னி டப்பிங் முடித்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று காலமானார். தணிக்கையில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட படம் 1974-ல்தான் கொட்டகைக்கு வந்தது. பிறகு தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருதே இதற்குக் கிடைத்தது! 2014-ல் செப்பனிட்டு மறுபடி வெளியிட்டார்கள்.

அந்த வீட்டுப் பாட்டியை மறக்கவே முடியாது. வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று விறகு அறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். சாகும் தறுவாயில் பல்லக்கில் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டைக் காட்டுகிறார்கள். ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்யலாம் என்று பேசும் குடும்பங்கள் இதைச் சேர்ந்து பார்க்க வேண்டும்.

4. நாயகன் (1987)

தூத்துக்குடியில் போலீஸ்காரரைக் கொன்றுவிட்டு பம்பாய்க்கு ஓடிவரும் பையன், தாராவியில் வேலு நாயக்கர் ஆகிறான். மணிரத்னம், பி.சி. ஸ்ரீராம், இளையராஜா, கமல் என்று எல்லோரும் உச்சத்தில் இருந்த நேரம். நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் மூன்றுக்கும் தேசிய விருது. நாம் பார்க்கும் தாராவியில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். 2005-ல் டைம் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான நூறு படங்கள் என்று போட்ட பட்டியலில் இதுவும் இருந்தது.

செட்தான் பொய். தாராவித் தமிழர்கள் நிஜம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள். 1960-களில் "தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள்" என்ற கோஷம் பம்பாயில் எழுந்து, நம்மவர்களின் கடைகள் அடி வாங்கின. நாயக்கர் செய்வதை நான் நியாயப்படுத்தவில்லை. படமும் நியாயப்படுத்துவதில்லை, பேரன் கேட்கும் கேள்விக்கு அவரிடமே பதில் கிடையாதே! ஆனால் போலீசும் ஆஸ்பத்திரியும் தன்னைத் திரும்பிப் பார்க்காதபோது, மொழி தெரியாத ஊரில் ஒரு கூட்டம் யாரிடம் போய் நிற்கும் என்பதை இந்தப் படம் புரிய வைக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். சம்புவைப் போல் வேலு ஊருக்குத் திரும்பும் கனவோடு அலைவதில்லை. வந்த இடத்தையே ஊராக்கிக்கொள்கிறான்.

5. மறுபக்கம் (1990)

அதிகம் பேர் பார்க்காத படம் இது. ஆனால் சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம் இதுதான். இந்திரா பார்த்தசாரதியின் "உச்சி வெயில்" குறுநாவலை மலையாள இயக்குநர் கே.எஸ். சேதுமாதவன் படமாக்கினார். எழுதியவரும் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்.

டெல்லியில் பேராசிரியராக இருக்கும் அம்பி, கிறிஸ்தவப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு அப்பாவின் கோபத்துக்கு ஆளானவன். அப்பா வேம்பு ஐயர் (சிவகுமார்) படுத்த படுக்கை என்று ஊருக்கு வருகிறான். தன்னை ஆசாரம் பேசி ஒதுக்கிய அந்த மனிதருக்கும் ஒரு மறுபக்கம் இருந்தது, ஒரு பழைய காயம் இருந்தது என்பது அம்மா சொல்லித்தான் தெரியவருகிறது. அதற்குள் அப்பாவோடு உட்கார்ந்து பேசும் காலம் முடிந்துவிட்டது.

போரில்லை, பஞ்சமில்லை, கலவரமில்லை. ஆனாலும் ஐந்தில் என்னை அதிகம் உலுக்குவது இதுதான். அம்பி நம்மைப் போல வேலைக்காக நல்லபடியாகக் கிளம்பியவன். அப்படிக் கிளம்பியவனும் ஒன்றை இழக்கிறான், அப்பா யார் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை. ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்டியா, மழை பெய்யுதா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு நம் பேச்சும் முடிந்துவிடுகிறதே.

குழந்தைகளிடம் "உனக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் "புனே" என்கிறார்கள். நமக்குச் சுருக்கென்கிறது. அவர்கள் பதிலில் தப்பொன்றும் இல்லை. சலீம் மிர்சாவுக்கு ஆக்ரா எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. ஆனால் தாத்தா எந்த ஊர், ஏன் அங்கே இருந்தார், நாம் ஏன் கிளம்பினோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதை நாம்தான் சொல்ல முடியும். நமக்கே தெரியாவிட்டால், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு யோசனை. அடுத்த முறை அப்பா அம்மா வந்து தங்கும்போது பழைய பராசக்தியைப் போட்டுவிட்டு மூன்று தலைமுறையாகச் சேர்ந்து உட்காருங்கள். ரங்கூன் என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டு, "நம்ம குடும்பத்துல யாராவது அப்படி வெளியூர் போனாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மீதிப் படத்தை அன்றைக்கே பார்க்க முடியாமல் போனாலும் பரவாயில்லை.