உடைதகடு

உடைதகடு என்பது மூடிய கலன் அல்லது குழாயினுள் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டும்போது தானே உடைந்து, உள்ளிருக்கும் வளிமத்தையோ நீர்மத்தையோ வெளியேற்றும் மெல்லிய காப்புத் தகடு ஆகும். கலன் வெடிப்பதற்கு முன் தகடு உடைந்து கலனைக் காக்கிறது. மின்சுற்றில் உருகி செய்யும் பணியை அழுத்தக் கலனில் இது செய்கிறது எனலாம். தொழிற்கூடங்களில் இது "ரப்சர் டிஸ்க்" அல்லது "பர்ஸ்டிங் டிஸ்க்" என்றே வழங்கப்படுகிறது. வேதித் தொழிற்சாலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மருந்து உற்பத்தி, குளிரூட்டும் ஏற்பாடுகள், வளிம உருளைகள் போன்றவற்றில் இது பயன்படுகிறது.

உடைதகடு காப்பது கலனை மட்டுமே. வெளியேறும் பொருளால் மனிதருக்குத் தீங்கு நேராமல் இருக்க வேண்டுமெனில், தகட்டுக்கு அப்பால் அப்பொருள் செல்லும் வழியும் முன்கூட்டியே வடிவமைக்கப்பட வேண்டும். 1984 ஆம் ஆண்டின் போபால் பேரழிவு இதனை விளக்கும் இந்திய எடுத்துக்காட்டு ஆகும்.

செயற்படும் முறை

உடைதகடு பொதுவாகத் துருவேறா எஃகு, நிக்கல், டாண்டலம் போன்ற மாழைகளால் அல்லது கிராஃபைட்டால் செய்யப்படுகிறது. இரு வளையங்களுக்கு இடையே இறுக்கப்பட்டு, குழாயின் விளிம்புகளுக்கு நடுவில் இது பொருத்தப்படுகிறது. இதில் நகரும் உறுப்புகள் இல்லை. அழுத்தம் உடைவளவை எட்டியதும் சில மில்லி நொடிகளில் முழுவதுமாகத் திறந்துவிடும்.

குவிந்த வடிவத் தகட்டின் உடைவழுத்தத்தை ஓர் எளிய சமன்பாட்டால் தோராயமாகக் கணிக்கலாம்:

அழுத்தம் = 2 × இழுவலிமை × தடிப்பு ÷ வளைவு ஆரம்

எடுத்துக்காட்டாக, இழுவலிமை 550 மெகாபாசுக்கல், தடிப்பு 0.1 மில்லிமீட்டர், வளைவு ஆரம் 50 மில்லிமீட்டர் எனக் கொண்டால், உடைவழுத்தம் 2.2 மெகாபாசுக்கல், அதாவது 22 பார் ஆகும். ஒரு தாளின் தடிப்பே உள்ள தகடு, வளிமண்டல அழுத்தத்தைப் போல் 20 மடங்குக்கு மேல் தாங்குவதை இதிலிருந்து அறியலாம். தடிப்பில் சிறு வேறுபாடு ஏற்பட்டாலும் உடைவழுத்தம் மாறிவிடும். ஆகவே உற்பத்தியாளர்கள் கணக்கீட்டை மட்டும் நம்புவதில்லை. ஒரே தொகுதியில் செய்த தகடுகளுள் சிலவற்றை உடைத்துப் பார்த்த பின்னரே எஞ்சியவற்றுக்கு உடைவழுத்தத்தைக் குறிக்கின்றனர். மாழையின் வலிமை வெப்பத்தால் குறைவதால், எந்த வெப்பநிலையில் அந்த அழுத்தம் பொருந்தும் என்பதும் தகட்டின் அடையாளச் சீட்டில் பொறிக்கப்படுகிறது.

வகைகள்

* முன்வளைவுத் தகடு: குவிந்த பக்கம் வெளிப்புறம் நோக்கியிருக்கும். அழுத்தத்தால் இழுபட்டுக் கிழியும். எளிய வடிவங்களில் வழக்கமான இயக்க அழுத்தம் உடைவழுத்தத்தின் 70 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது.
* கீறலிட்ட தகடு: உடைய வேண்டிய கோடுகள் முன்பே கீறப்பட்டிருக்கும். உடையும்போது துண்டுகள் சிதறுவது குறையும்.
* பின்வளைவுத் தகடு: குவிந்த பக்கம் கலனை நோக்கியிருக்கும். அழுத்தம் மிகும்போது மறுபுறமாக மடங்கித் திறக்கும். இயக்க அழுத்தம் உடைவழுத்தத்தின் 90 விழுக்காடு வரை இருக்கலாம். இதனைத் தலைகீழாகப் பொருத்தினால் குறித்த அளவைவிட மிக அதிகமான அழுத்தத்திலேயே உடையக்கூடும். எனவே சீட்டிலுள்ள அம்புக்குறியைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.
* கிராஃபைட் தகடு: அரிக்கும் அமிலங்களுக்கு ஏற்றது. உடையும்போது துண்டு துண்டாகும்.

காப்பு வால்வுடன் ஒப்பீடு

சுருள்வில் காப்பு வால்வு, அழுத்தம் மிகும்போது திறந்து, குறைந்தபின் மீண்டும் மூடிக்கொள்ளும். உடைதகடு மூடிக்கொள்ளாது, ஒருமுறை உடைந்தால் புதிய தகடு பொருத்தும் வரை ஆலையை இயக்க இயலாது. நீராவிக் கொதிகலன்களில் காப்பு வால்வே முதன்மைக் கருவியாக விளங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மறுபுறம், வால்வில் மிகச் சிறு கசிவு எப்போதும் இருக்கக்கூடும்; உடைதகடு ஏறத்தாழ முழுமையாக அடைத்து நிற்கும். விரைந்து பெருகும் வேதிவினைகளுக்கு வால்வு ஈடுகொடுக்காத இடங்களிலும் உடைதகடு பொருத்தமானது.

இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தும் வழக்கமும் உண்டு. கலனை அடுத்துத் தகடும், அதற்கு மேல் வால்வும் இருக்கும். தகடு வால்வை அரிப்பிலிருந்தும், ஒட்டிக்கொள்ளும் பொருள்களிலிருந்தும் காக்கிறது. உலகின் பல பிவிசி ஆலைகளின் வினைகலன்களில் இம்முறை பின்பற்றப்படுகிறது. இதில் ஓர் இடர் உண்டு. உடைதகடு தன் இருபக்க அழுத்தங்களின் வேறுபாட்டையே உணர்கிறது. 10 பாரில் உடைய வேண்டிய தகட்டில் ஊசித்துளை விழுந்து, தகட்டுக்கும் வால்வுக்கும் இடையே 4 பார் அழுத்தம் தேங்கிவிட்டால், கலனில் 14 பார் ஏறிய பின்னரே தகடு உடையும். இதைக் கண்டறிய, இடைவெளியில் அழுத்தமானி வைக்கப்பட வேண்டும்.

போபால் பேரழிவில் உடைதகடு

1984 திசம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, போபால் நகரில் யூனியன் கார்பைடு இந்தியா நிறுவனத்தின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில், 610 எண் கொண்ட தொட்டியினுள் தண்ணீர் புகுந்ததால் வேதிவினை கட்டுமீறியது. தொட்டியில் ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு இருந்தது. தொட்டியின் மேல் உடைதகடும் அதனையடுத்துக் காப்பு வால்வும் அமைந்திருந்தன. வால்வு, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் திறக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது. அழுத்தம் உயர்ந்ததும் தகடு உடைந்தது; வால்வு திறந்தது. தொட்டி வெடிக்கவில்லை. கருவிகள் தமக்குரிய பணியைச் செய்தன.

ஆனால் வெளியேறிய நச்சு வளிமத்தை ஏற்க வேண்டிய ஏற்பாடுகள் ஆயத்தமாக இல்லை. தொட்டியைக் குளிர்விக்கும் கருவி மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. எரிகோபுரத்துக்குச் செல்லும் குழாய் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. எரிகாரக் கரைசலால் வளிமத்தைக் கழுவும் கோபுரம் இயக்கத்தில் இல்லை. அது முழுமையாக இயங்கியிருந்தாலும் அவ்வளவு பெரும் ஓட்டத்துக்கு வடிவமைக்கப்படவில்லை. வளிமம் உயர்ந்த புகைபோக்கி வழியாகச் சென்று, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புகளின்மீது இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் இறந்தனர், மேலும் பல்லாயிரவர் வாழ்நாள் முழுதும் நோயுற்றனர்.

இதன் பின்னர் 1986 இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1987 இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. 1989 இல் இடர்மிகு வேதிப்பொருள்களைக் கையாளுதல் பற்றிய விதிகள் வெளியிடப்பட்டன.

கொங்கு நாட்டுச் சூழலில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் பகுதிகளில் அழுத்தக் கலன்கள் அன்றாடத் தொழிலின் பகுதியாகும். உடைதகட்டையும் அதன் உறவுக் கருவிகளையும் இங்கே பல இடங்களில் காணலாம்.

* தீயணைப்பு உருளைகள்: ஆலைகளில் சுவரில் தொங்கும் கரிமவீராக்சைடு உருளையின் வால்வில் சிறிய உடைதகடு இருக்கும். இவ்வளிமத்தின் மாறுநிலை வெப்பநிலை 31 பாகை செல்சியசு. கோடையில் அதற்கு மேல் வெப்பம் ஏறும்போது உருளையில் நீர்ம நிலையே இராது. அழுத்தம் விரைந்து உயரும். எனவே உருளைகளை வெயிலிலும் கொதிகலன் அருகிலும் வைக்கலாகாது. மூடிய அறையில் தகடு உடைந்தால் மூச்சுத்திணறலும் ஏற்படலாம்.
* மின்மாற்றிகள்: பழைய எண்ணெய் மின்மாற்றிகளின் மேல் வளைந்த குழாய் ஒன்று காணப்படும். அதன் முனையைக் கண்ணாடி போன்ற மெல்லிய சவ்வு மூடியிருக்கும். உள்ளே மின்பிழையால் வளிமம் பெருகினால் சவ்வு உடைந்து எண்ணெய் வெளியேறும். குழாயின் முனை கீழ்நோக்கி வளைந்திருப்பது, எண்ணெய் ஆட்கள்மீது தெறிக்காமல் தரையை நோக்கிச் செல்வதற்காகும்.
* சாயக் கலன்கள்: பாலியெசுட்டர் துணி ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் சாயமேற்றப்படுகிறது. அவ்வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் மட்டுமே வளிமண்டலத்தைவிட 1.7 பார் அதிகம். இக்கலன்களில் பெரும்பாலும் காப்பு வால்வும், அழுத்தம் இறங்காமல் மூடி திறக்காதவாறு பூட்டும் இருக்கும். எக்கருவி திறந்தாலும் 1 டன் நீரில் ஏறத்தாழ 55 கிலோ உடனே நீராவியாகி 90 கன மீட்டர் இடத்தை நிரப்பும். எனவே வெளியேற்றுக் குழாய் ஆட்கள் நடமாடாத இடத்தில் முடிய வேண்டும்.
* வீட்டு அழுத்தச் சமையற்கலன்: குக்கரின் எடை வால்வு மீண்டும் மூடிக்கொள்ளும் வகை. மூடியிலுள்ள காப்புச் செருகி ஒருமுறை மட்டுமே பயன்படும் வகை. ஆயினும் செருகி வெப்பத்தால் உருகுகிறது; உடைதகடு அழுத்தத்தால் உடைகிறது.

குளோரின் போன்ற நச்சு வளிம உருளைகளின் நிலை வேறு. அவற்றில் இத்தகைய காப்புக் கருவி பொருத்தக் கூடாது என்று இந்திய வளிம உருளை விதிகள் கூறுகின்றன. ஊருக்குள் கொண்டுசெல்லப்படும் உருளையிலிருந்து நச்சு வளிமம் வெளியேறினால், அதனை ஏற்றுக்கொள்ளப் பாதுகாப்பான இடம் இல்லை என்பதே இதற்குரிய விளக்கம்.

தரங்களும் பராமரிப்பும்

உடைதகடுகளுக்கு ஐஎஸ்ஓ 4126 தரத்தின் இரண்டாம் பகுதி உள்ளது. அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் நெறிமுறையின்படி, 40 பவுண்டு அழுத்தத்துக்கு மேற்பட்ட தகடுகளின் உடைவழுத்தம் குறித்த அளவிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. இந்தியாவில் தீயில் சூடேற்றப்படாத, அழுத்த வளிமம் கொண்ட கலன்களுக்கு 2016 ஆம் ஆண்டின் விதிகள் பொருந்தும். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றை நடைமுறைப்படுத்துகிறது.

அழுத்தம் மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் தகடு களைப்புற்று, குறித்த அளவுக்கு முன்பே உடையலாம். எனவே குறித்த கால இடைவெளியில் இது மாற்றப்படுகிறது. விரலால் அழுத்திய சிறு பள்ளமும் உடைவழுத்தத்தை மாற்றிவிடும். அடிக்கடி உடைகிறது என்பதற்காகத் தடித்த தகட்டையோ, வெட்டிய சாதாரண தகரத்தையோ பொருத்துவது பேரிடருக்கு வழிவகுக்கும். அத்தகைய நிலையில் ஆராய வேண்டியது அழுத்தம் உயர்வதற்கான காரணத்தையே ஆகும். தகட்டைச் சோதிக்கும்போது வெளியேற்றுக் குழாய், கழுவு கோபுரம், எரிகோபுரம் ஆகியவையும் செயல்நிலையில் உள்ளனவா என்று சேர்த்தே சோதிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* காப்பு வால்வு
* கொதிகலன்
* அழுத்தக் கலன்
* போபால் பேரழிவு