ஆள் குடியிருக்கும் கட்டடம்: ஐரோப்பியப் பொதுக் குடியிருப்புகளில் வெப்பக்காப்புச் சீரமைப்பு, 1973 முதல்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க மேற்கு ஐரோப்பிய அரசுகளும் நகராட்சிகளும் அவசரமாகக் கட்டிய வாடகைக் குடியிருப்புகளின் பலவீனம் அப்போதுதான் கணக்குப் புத்தகத்தில் தெரிந்தது. அவற்றில் பல, தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கிரேனால் அடுக்கி எழுப்பியவை. வெப்பக்காப்பு என்று சொல்லத்தக்கது அவற்றில் அநேகமாக இல்லை. பிரான்ஸ் தன் முதல் வெப்ப ஒழுங்குமுறையை 1974இல் கொண்டுவந்தது. மேற்கு ஜெர்மனி 1976இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தையும் அடுத்த ஆண்டே வெப்பக்காப்பு விதிகளையும் இயற்றியது. இவை முதன்மையாக இனிக் கட்டப்போகும் வீடுகளைக் கருதியவை. ஏற்கெனவே கட்டி முடித்து, ஆள் குடியேறி, குழந்தைகள் வளர்ந்துகொண்டிருந்த வீடுகளை என்ன செய்வது என்பது தனிக் கேள்வியாக நின்றது. அந்தக் கேள்விக்கான அரை நூற்றாண்டுப் பதிலை இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வெளிச்சுவர் உறை, வெப்பப் பம்பு என்று பொருள்களின் வரிசையாக எழுதுவதே வழக்கம். அந்த வரிசை அரைகுறையான வரலாறு என்பது என் வாதம். சுவரில் என்ன நடக்கிறது என்று குடியிருப்பவர் சொன்னபோது, அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார்களா, புகாராக ஒதுக்கினார்களா என்பதே இந்தச் சீரமைப்புகளின் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது.

அந்தச் சுவரைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு பேர் குடியிருக்கும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், உள்ளேயே உலர்த்தும் துணி எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்குப் பல லிட்டர் நீரை ஆவியாகக் காற்றில் கலக்கின்றன. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, அந்த ஆவி வீட்டின் மிகக் குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் நீராகப் படிகிறது. பலகைக் கட்டடத்தில் அந்த இடம் எதுவென்று யூகிப்பது எளிது. பால்கனியின் கான்கிரீட் தளம் சுவரைத் துளைத்து வெளியே நீளும் மூலை, இரு பலகைகள் சந்திக்கும் இணைப்பு, வெளிச்சுவரை ஒட்டிப் போட்ட பீரோவின் பின்புறம். அங்கே முதலில் ஓதம் தெரியும், பிறகு கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் படரும். சூடாக்கும் கட்டணத்துக்கு அஞ்சி வாடகைதாரர் சூட்டைக் குறைத்தால் சுவர் இன்னும் குளிரும், ஓதம் இன்னும் ஏறும். இதில் குடியிருப்பவரின் நடத்தைக்கும் பங்கு உண்டு என்பது பௌதிகப்படி உண்மைதான். ஆனால் மூச்சுவிடாமலும் சோறு பொங்காமலும் யாரும் வாழ முடியாது. அந்த வாழ்க்கையைத் தாங்க முடியாத சுவரைக் கட்டிவிட்டு வாழ்க்கையைக் குறை சொல்வது காரணத்தைத் தலைகீழாக்குவது.

1980களில் கிளாஸ்கோவின் ஈஸ்டர்ஹவுஸ் பகுதியில் நடந்தது சரியாக இந்த வழக்குத்தான். ஈஸ்ட்ஹால் குடியிருப்பில் ஓதத்துக்குக் காரணம் வாடகைதாரர்களின் 'வாழ்க்கை முறை' என்றது நிர்வாகத்தின் விளக்கம்: ஜன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளே காயவைக்கிறார்கள், போதுமான அளவு சூடாக்குவதில்லை. குடியிருப்போர் சங்கம் இதை ஏற்கவில்லை. கேத்தி மெக்கார்மாக் போன்ற பெண்கள் முன்னின்ற அந்த இயக்கம் முழக்கத்தோடு நின்றுவிடாமல் தொழில்நுட்ப வல்லுநர்களைத் தன் பக்கம் அழைத்து, வாதத்தைக் கட்டடத்தின் வெப்ப இழப்புக்கு நகர்த்தியது. 1987இல் கட்டடக் கலைஞர்களையும் பொறியாளர்களையும் ஓரிடத்தில் கூட்டி, இந்த வீடுகளை மலிவாகச் சூடாக்குவது எப்படி என்பதற்கு வடிவமைப்புகளைக் கேட்டார்கள். அதன் விளைவாக ஐரோப்பிய ஆணையத்தின் நிதியுதவியுடன் 36 வீடுகள் 1990களின் தொடக்கத்தில் சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தும் முறையில் சீரமைக்கப்பட்டன. சுவர்களுக்கு வெப்பக்காப்பு ஏறியது. பால்கனிகள் கண்ணாடியால் மூடப்பட்டு வெயிலைப் பிடித்துவைக்கும் இடைவெளிகளாயின. எண்ணிக்கையில் இது சிறிய திட்டம். ஆனால் ஆய்வுக் கேள்வியை வாடகைதாரர்களே வகுத்து, நிபுணர்கள் அதற்கு விடை தேடிய முன்னுதாரணம் என்ற வகையில் இந்த வரலாற்றில் இதற்கு இணையானவை மிகக் குறைவு என்றே கருதுகிறேன்.

பாரிஸின் வட எல்லையில் நிற்கும் புவா-லெ-ப்ரேத்ர் கோபுரம், குடியிருப்பவரைக் கணக்கில் கொள்ளாத விடை, கொண்ட விடை இரண்டையும் தன் உடம்பில் அடுத்தடுத்துச் சுமந்த கட்டடம். ரேமோன் லோபெஸ் வடிவமைத்து 1960களின் தொடக்கத்தில் எழுந்த 16 மாடிக் கட்டடம் அது. 1990 வாக்கில் அதன்மேல் வெப்பக்காப்புப் பலகைகளைப் போர்த்தினார்கள். ஜன்னல்கள் சுருங்கின, உள்ளே இருட்டு ஏறியது. 2003இன் நகரப் புதுப்பிப்புச் சட்டம் நாடு முழுவதும் லட்சக்கணக்கான பொது வீடுகளை இடித்துக் கட்டுவதை ஊக்குவித்த நேரத்தில் இந்தக் கோபுரமும் இடிபடும் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு கட்டடக் கலைஞர்கள் பிரெதெரிக் ட்ருவோ, ஆன் லக்கட்டோன், ஜான்-பிலிப் வசால் மூவரும் எதிர்வாதம் ஒன்றை வெளியிட்டார்கள்: எதையும் இடிக்காதீர்கள், இருப்பதோடு சேருங்கள். 2011இல் முடிந்த அவர்களுடைய வேலையில் 1990இன் உறை உரித்தெறியப்பட்டது. தொழிற்சாலையில் செய்த தளங்கள் வெளிப்புறமாக ஏற்றிப் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் 2 மீட்டர் ஆழமுள்ள கண்ணாடிக் குளிர்காலத் தோட்டமும் அதற்கப்பால் 1 மீட்டர் பால்கனியும் கிடைத்தன. பழைய சுவரை அறுத்தெடுத்து நகர்கதவு வைத்தது கடைசிக் கட்டத்தில்தான். குடும்பங்கள் அதுவரையிலும் அதற்குப் பின்னும் அங்கேயே இருந்தன. சூடாக்கும் ஆற்றல் தேவை பாதிக்கும் மேல் குறைந்தது என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. இடித்துக் கட்ட ஏறத்தாழ 2 கோடி யூரோ ஆகும் என்று மதிப்பிட்ட இடத்தில் செலவு ஏறத்தாழ 1.1 கோடி. போர்தோவின் கிராண்ட் பார்க்கில் அதே முறையை 530 வீடுகளுக்கு விரித்தபோது ஒரு வீட்டுக்குள் நடந்த வேலை சுமார் இரண்டே வாரத்தில் முடிந்தது. அத்திட்டம் 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோ விருதைப் பெற்றது; லக்கட்டோனும் வசாலும் 2021இல் பிரிட்ஸ்கர் விருதைப் பெற்றார்கள். 'ஆள் இருக்கிறார்களே' என்பதை இங்கே தடையாக யாரும் எண்ணவில்லை. வேலையை வெளியிலிருந்து செய்ய வேண்டும், விரைந்து முடிக்க வேண்டும், முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவர வேண்டும் என்ற மூன்று தீர்மானங்களும் அந்த ஒரு நிபந்தனையிலிருந்தே பிறந்தன.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. காலிசெய்த கட்டடத்தில்தான் ஆழமான சீரமைப்பு சாத்தியம் என்பார்கள். கனடாவின் ஹாமில்டன் நகரில் 1967இல் கட்டிய 18 மாடி கென் சோபிள் கோபுரத்தைக் காலிசெய்துதான் சீரமைத்தார்கள். அதன் 146 வீடுகளும் எனர்ஃபிட் என்ற கடுமையான தரத்தை எட்டின. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் அதே தரத்தை நோக்கி வில்ம்கோட் ஹவுஸைக் குடியிருப்போரை வைத்துக்கொண்டே சீரமைத்தபோது வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது; தூசியையும் துளையிடும் சத்தத்தையும் அவர்கள் அன்றாடம் தாங்கினார்கள். இந்த வேதனையை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் காலிசெய்வதன் விலை கட்டடத்தின் கணக்கில் வருவதில்லை. பள்ளி மாறும் பிள்ளை, பக்கத்து வீட்டுத் துணையை இழக்கும் முதியவர், திரும்பி வராமலே போகும் குடும்பம் ஆகியவை திட்ட அறிக்கையின் எந்தப் பத்தியிலும் இடம்பெறுவதில்லை. அதைவிட முக்கியமாக, காலியான கட்டடத்தில் எந்த மூலை வியர்க்கிறது என்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

கணக்கு என்று வந்தபின் ஜெர்மனியை விட்டுவிட முடியாது. சுனிக்கா-பிளாங்க், கால்வின் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஜெர்மன் வீடுகள் அவற்றின் சான்றிதழ்க் கணக்கைவிடச் சராசரியாக 30 விழுக்காடு குறைவாகவே ஆற்றலைச் செலவிடுகின்றன என்று காட்டியது. வீடு மோசமானதாக இருக்க இருக்க இந்த இடைவெளியும் பெரிது. கட்டணத்துக்கு அஞ்சி மக்கள் ஏற்கெனவே குளிரில் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். ஆகவே சீரமைப்புக்குப் பின் எதிர்பார்த்த சேமிப்பு கிடைக்காதபோது 'மக்கள் வீணாக்குகிறார்கள்' என்று முடிவு கட்டுவது தவறு. அவர்கள் முதல்முறையாகப் போதுமான அளவு சூட்டில் வாழத் தொடங்கியிருக்கிறார்கள். பொதுக் குடியிருப்பில் அந்தச் சூடே ஒரு பலன். அதை இழப்புக் கணக்கில் எழுதக் கூடாது. செலவைச் சுமப்பதிலும் வாடகைதாரரின் குரலுக்கு இடமுண்டு: ஜெர்மனியில் உரிமையாளர் நவீனப்படுத்தும் செலவில் ஆண்டுக்கு 11 விழுக்காட்டை வாடகையில் ஏற்றலாம் என்றிருந்த சட்டம், வாடகைதாரர் எதிர்ப்புக்குப் பின் 2019இல் 8 விழுக்காடாகக் குறைந்தது. ஆறு ஆண்டுகளில் சதுர மீட்டருக்கு 3 யூரோ என்ற உச்சவரம்பும் வந்தது. ஒப்புதலைப் பொறுத்தவரை, நெதர்லாந்தில் பத்து வீடுகளோ அதற்கு மேலோ உள்ள தொகுப்பில் 70 விழுக்காட்டினர் ஒப்பினால்தான் சீரமைப்புத் திட்டம் நியாயமானது என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும். ஐரோப்பாவுக்கு வெளியே, சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீடுகளுக்குள் மேம்பாட்டு வேலை செய்யும் முன் வாக்கெடுப்பு நடத்தி 75 விழுக்காட்டு ஆதரவைக் கேட்கிறது. காலநிலை நெருக்கடியில் இப்படிக் கையெழுத்துத் திரட்ட நேரமில்லை என்பவர்கள், ஒப்புதலில்லாமல் தொடங்கிய வேலைகள் எத்தனை இடங்களில் நீதிமன்றத்தில் போய் நின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தைப் பற்றி எழுதும்போது வாதத்துக்காக அங்கே தீயில் நேர்ந்த மரணங்களைக் கையாளக் கூடாது என்ற எச்சரிக்கை வேண்டும். 1974இல் கட்டிய அந்த 24 மாடிக் கட்டடத்தை ஆட்கள் குடியிருக்கும்போதே சீரமைத்து 2016இல் முடித்தார்கள். வெப்பக்காப்பும் தோற்றமும் நோக்கங்கள். முதலில் எண்ணிய துத்தநாகப் பலகைக்குப் பதிலாகப் பாலிஎதிலீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகை வந்தது. மிச்சம் ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு. 2017 ஜூன் 14 அதிகாலைத் தீயில் 72 பேர் இறந்தனர். பலகைக்குள் என்ன இருக்கிறது என்பது எந்த வாடகைதாரருக்கும் தெரிந்திருக்க முடியாது, இது உற்பத்தியாளர்களின் நேர்மையின்மையும் அரசின் ஒழுங்குமுறைத் தோல்வியுமே என்று என் வாதத்தை மறுப்பவர்கள் சொல்வது சரி. 2024 செப்டம்பரில் வந்த விசாரணையின் இறுதி அறிக்கையும் அதைத்தான் முதன்மையாகச் சொல்கிறது. ஆனால் தீப்பாதுகாப்பு பற்றிக் குடியிருப்போர் குழு பலமுறை எழுதியிருந்தது. பேரிடருக்குச் சில மாதங்கள் முன்பும் எழுதியது. நிர்வாகம் அவர்களைத் தொல்லை தருபவர்களாகவே பார்த்தது என்பதையும் அதே அறிக்கை பதிவுசெய்கிறது. தனக்கு வரும் கடிதத்தைத் தொல்லையாக எண்ணப் பழகிய நிர்வாகம், தன் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்காமல் விடும். இந்த இரண்டையும் தனித்தனிக் குறைகளாக என்னால் பார்க்க முடியவில்லை.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேலில் பூஞ்சணம் படர்ந்த பொதுக் குடியிருப்பில் வாழ்ந்த 2 வயது அவாப் இஷாக் சுவாசக் கோளாறால் இறந்தான். அவன் தந்தை பூஞ்சணத்தைப் பற்றி 2017 முதலே முறையிட்டு வந்தார். 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ஓதம், பூஞ்சணம் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டார். 'அது வாழ்க்கை முறை அல்ல' என்பது அதன் தலைப்பு. ஈஸ்ட்ஹால் பெண்கள் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நிர்வாகத்திடம் சொன்னதும் இதையேதான். அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது: ஓதம் பற்றி வாடகைதாரர் தெரிவித்தால் 10 வேலை நாட்களுக்குள் பொதுக் குடியிருப்பின் உரிமையாளர் ஆய்வுசெய்ய வேண்டும்.