அறுபது என்னும் ஏளனச் சொல்: இந்தியாவில் மறதிநோய் பெயர்பெற்ற வரலாறு

இந்தியில் ‘சட்டியானா’ என்றொரு வினைச்சொல் உண்டு. ‘சாட்’ என்பது அறுபது. அறுபதைக் கடந்தவரின் புத்தி தடுமாறுவதை ஏளனமாகச் சுட்டும் சொல் அது. வங்காளத்தில் இந்நிலைக்குப் பெயர் ‘பீமரதி’. மனித வாழ்வின் எழுபத்தேழாம் ஆண்டில், ஏழாம் மாதத்தின் ஏழாம் இரவைக் குறிக்கும் வடசொல்லே அதன் மூலம். தமிழகத்திலோ அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி. வேர்கள் ஒன்றே. ஓரிடத்தில் அவை மாலை மாற்றும் விழாவாயின. வேறோரிடத்தில் திண்ணைக் கேலியாயின.

முதுமையில் நினைவு குலைவதை நம் சமூகங்கள் அறியாமல் இருந்ததில்லை என்பதற்கு இச்சொற்களே சான்று. ஈழத்தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்பதும் இவ்வகையினதே. ஆனால் இப்பெயர்கள் நோய்க்கு இடப்பட்டவை அல்ல, வயதுக்கு இடப்பட்டவை. வயதுக்கு மருத்துவம் இல்லை. ஆகவே உதவி கேட்கவேண்டும் என்ற எண்ணமும் எழவில்லை. செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படத் தொடங்கியது 1994இல். ஆண்டுதோறும் அன்று நாம் பேசும் ‘விழிப்புணர்வு’ உண்மையில் எதை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை இந்தப் பெயர் வரலாற்றின் வழியே பார்க்கலாம்.

இது இந்தியாவுக்கே உரிய பின்தங்கல் அன்று. 1901இல் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவுகுஸ்தே டெட்டருக்கு அப்போது வயது 51. அவர் இறந்த 1906ஆம் ஆண்டிலேயே, அவரது மூளையில் கண்ட மாற்றங்களை அலோயிஸ் அல்சைமர் டூபிங்கனில் விளக்கினார். 1910இல் எமில் கிரேப்பெலின் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரை வைத்தார். எனினும் அப்பெயர் முதுமைக்கு முன்பே வரும் அரிய நோய்க்கு மட்டுமே வழங்கிற்று. எண்பது வயதில் நினைவிழந்தவர் அங்கும் ‘முதுமைத் தளர்ச்சி’ உற்றவராகவே கருதப்பட்டார். இரண்டும் ஒரே நோய் என்று ராபர்ட் காட்ஸ்மன் வலியுறுத்திய கட்டுரை வெளிவந்தது 1976இல். மேற்குலகும் வயதிலிருந்து நோயைப் பிரித்தறிந்து இன்னும் நெடுங்காலம் ஆகவில்லை.

இந்தியாவில் அமைப்பு சார்ந்த முயற்சி கேரளத்தில் தொடங்கிற்று. இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய குறைபாடுகள் சங்கம் 1992இல் அங்கே உருவானது. 1998இல் கொச்சியில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் ‘10/66’ ஆய்வுக்குழு பிறந்தது. மறதிநோய் உற்றோரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்ற முறையீடே அக்குழுவின் பெயராயிற்று. பின்னாளில் சென்னையும் வேலூரும் அக்குழுவின் களங்களாயின.

இக்காலத்துக் கள ஆய்வுகள் மக்களின் சொற்களைச் செவிமடுத்தன. திருச்சூர்ப் பகுதியில் இந்நிலையைச் ‘சின்னன்’ என்றார்கள். குழந்தைத்தனம் என்பது அதன் பொருள். கோவாவில் களைத்துப்போன மூளை என்றனர். வாராணசியில் மூளை பலவீனம் என்றனர். வாராணசியை ஆராய்ந்த லாரன்ஸ் கோஹன், முதியவரின் தடுமாற்றத்தைப் பற்றிய பேச்சு எவ்வாறு ‘கெட்ட குடும்பம்’ பற்றிய பேச்சாக மாறுகிறது என்பதை 1998இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். கோவாவிலும் பிள்ளைகளின் புறக்கணிப்பும் அன்பின்மையும் காரணங்களாகக் கூறப்பட்டன. திருச்சூரில், நோயாளியின் செய்கைகளை வேண்டுமென்றே செய்பவை எனக் குடும்பத்தார் கருதியதும் பதிவாயிற்று.

பெயரின் விளைவு இங்கேதான் கடுமையாகிறது. ‘சாப்பாடே போடவில்லை’ என்று மாமியார் தெருவில் நின்று சொல்கிறார். சற்றுமுன் உண்டதை அவர் மறந்துவிட்டார். நோய் என்று அறியாத ஊர் மருமகளைக் குற்றவாளியாக்குகிறது. நோய் என்று அறியாத மருமகளோ மாமியார் பொய் சொல்வதாக எண்ணுகிறார். இருவருமே குற்றமற்றவர்கள். பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்களிடமே விடப்படுவதால், தவறான பெயரின் சுமையும் அவர்கள் தலையிலேயே விழுகிறது.

நோயைக் கண்டறியும் கருவியும் ஒரு மொழிச் சிக்கலாகவே இருந்தது. 1975இல் அமெரிக்காவில் உருவான சிறு மனநிலைச் சோதனை உலகெங்கும் பரவிற்று. ஒரு சொல்லை எழுத்துக்கூட்டித் தலைகீழாகச் சொல்லவும், எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்யவும், ஒரு வாக்கியம் எழுதவும் அது கேட்கும். அரியானாவின் பல்லப்கட் சிற்றூர்களில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வில் 55 வயது கடந்த 5,126 பேர் இடம்பெற்றனர். அவர்களில் 73.3 விழுக்காட்டினர் எழுத்தறிவற்றோர். அச்சோதனையை அப்படியே மொழிபெயர்த்திருந்தால் அது மூளையை அன்று, பள்ளிப்படிப்பையே அளந்திருக்கும்.

மேரி கங்குலி, விஜய் சந்திரா ஆகியோரின் குழு 1995இல் வெளியிட்ட இந்தி வடிவம் மொழிபெயர்ப்பாக அல்லாமல் மறு ஆக்கமாக அமைந்தது. எழுத்துக்கூட்டுவதற்கு மாற்றாகக் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் செய்தனர். ‘கண்களை மூடுக’ என்று எழுதிக் காட்டாமல், தாம் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்யும்படி கேட்டனர். வாக்கியம் எழுதுவதற்கு ஈடாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் செய்தனர். பயன்பாட்டு மொழியியல் மாணவர்கள் பாடமாகவே படிக்கவேண்டிய பணி இது. சொல்லுக்குச் சொல் நிகர் தேடாமல், அக்கேள்வி எந்த ஆற்றலை அளக்கிறதோ அந்த ஆற்றலுக்கு நிகர் தேடினார்கள்.

கண்டறிந்தபின் செய்வதென்ன? திருச்சூரில் உள்ளூர்ச் சமூகநலப் பணியாளர்களுக்குச் சில மணி நேரமே பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் ஐயுற்றுச் சுட்டியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்தனர். வீடு வீடாகச் செல்பவரின் கண்ணுக்கு முன்பே தெரிந்திருந்தது; பெயர்தான் தேவைப்பட்டது. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீடுகளுக்கே சென்று வழிகாட்டினர். பராமரிப்போரின் மனநலம் மேம்பட்டது. இவ்விரண்டும் ஒருநாள் பேரணியால் நிகழ்ந்தவை அல்ல. திரும்பத் திரும்ப வாசற்படி ஏறியதால் நிகழ்ந்தவை.

2023இல் வெளிவந்த தேசிய அளவிலான மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர். பெண்களிடையேயும் சிற்றூர்களிலும் கல்வி குறைந்தோரிடையேயும் விகிதம் அதிகம். தவிர்க்கத்தக்க 14 இடர்க்காரணிகளை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கேட்கும் திறன் குறைதல், பார்வைக் குறை, தனிமை ஆகியவற்றோடு இளமையில் கல்வி கிடைக்காமையும் அதில் உண்டு. பல்லப்கட்டில் சோதனைக்குத் தடையாக நின்ற எழுத்தறிவின்மை, நோய்க்கான காரணிகளில் ஒன்றாகவும் இருக்கிறது. எனவே நலமான முதுமைக்கான பணி, பள்ளியிலிருந்து நிறுத்தப்படும் பத்து வயதுச் சிறுமியிடமிருந்தே தொடங்கவேண்டும்.

ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறாரா என்று ஆண்டுக்கு ஒருமுறை சான்று கேட்கும் ஏற்பாடு நம்மிடம் உறுதியாக இருக்கிறது. அவருக்குக் காது கேட்கிறதா, நினைவு எப்படி இருக்கிறது என்று கேட்கும் ஏற்பாடு அவ்வளவு உறுதியாக இல்லை. ஆஷா பணியாளரின் வழக்கமான வருகையிலும் இரத்த அழுத்தம் பார்க்கும் முகாமிலும் இவ்விரு கேள்விகளைச் சேர்த்தாலே விழிப்புணர்வு ஆண்டு முழுமைக்கும் உரியதாகும்.

மொழி பயில்வோருக்கும் இதில் பங்குண்டு. 2004இல் ஜப்பான் அரசு, மூடத்தனத்தைக் குறிக்கும் எழுத்தைத் தாங்கிய ‘சிஹோ’ என்ற பழைய மருத்துவச் சொல்லைக் கைவிட்டு, அறிதிறன் குறைபாட்டைக் குறிக்கும் ‘நின்சிஷோ’வை ஏற்றது. நாம் வழங்கும் ‘மறதிநோய்’ ஏளனமற்றது, ஆயினும் முழுமையற்றது. சொல் தேடித் தவித்தல், வழி தவறுதல், இயல்பு மாறுதல் எதுவும் அதில் அடங்கவில்லை. ‘அவருக்கு மறதி இல்லையே, கோபம்தானே அதிகம்’ என்று ஒரு குடும்பம் மருத்துவரிடம் செல்லாதிருக்க அச்சொல்லும் காரணமாகலாம்.

உங்கள் ஊரில், உங்கள் மொழியில் இந்நிலையை எவ்வாறு சொல்கிறார்கள் என்று கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அச்சொல் யாரைக் குற்றம் சாட்டுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.