உயர்ந்த இருதயம்: செல்வமும் செருக்கும் குறித்த விவிலிய எச்சரிக்கையின் வரலாறு

தமிழ் வேதாகமம் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ‘மேட்டிமை’ பழகிய சொல். சொல்லுக்குள்ளேயே ஒரு மேடு தெரிகிறது. எபிரேய மூலத்திலும் அப்படித்தான். செல்வத்தால் வரும் செருக்கைச் சொல்ல அங்கே ‘ரூம்’, ‘காவா’ என்ற இரண்டு வினைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டுக்கும் உயர்தல் என்றே பொருள், உயர்வது இருதயம். கி.மு. 8ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகள் இந்த உருவகம் குலையாமல் வந்தது. அது யாரை நோக்கி நீண்டது என்பதுதான் காலந்தோறும் மாறியது. அந்த மாற்றமே இக்கட்டுரையின் பொருள்.

தொடக்கம் வட இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா. இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில் வட இஸ்ரவேல் செழித்திருந்தது. 1910இல் அங்கே கிடைத்த பானை ஓடுகளில் எண்ணெயும் பழைய திராட்சரசமும் தலைநகருக்கு வந்த கணக்கு மையால் எழுதப்பட்டிருக்கிறது. 1930களின் அகழாய்வில் செதுக்கிய தந்தத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளிவந்தன. தெக்கோவாவிலிருந்து வந்த மந்தை மேய்ப்பனான ஆமோஸ், தந்தக் கட்டில்களையும் தந்த வீடுகளையும் சாடியது வெறும் கவிதை மிகை அன்று என்பதற்கு அவை சாட்சி. ஆனால் ஆமோஸின் சினம் பெரும்பாலும் ஏழையை மிதித்தவர்கள் மீதே. செல்வத்துக்கும் செருக்குக்கும் இடையிலான படிகளை முதலில் ஒழுங்காக அடுக்கியவர் தீர்க்கதரிசி ஓசியா என்றே நான் கருதுகிறேன். மேய்ச்சல் கிடைத்தது, வயிறு நிறைந்தது, இருதயம் உயர்ந்தது, கொடுத்தவரை மறந்தார்கள்: அவருடைய நூலின் 13ஆம் அதிகாரத்தில் ஒரே வசனத்துக்குள் இந்த நான்கும் அடங்கிவிடுகின்றன. கி.மு. 722 அளவில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது.

ஓசியா இறந்தகாலத்தில் சொன்னதை உபாகமம் எதிர்காலத்துக்கு மாற்றியது. இந்நூலின் மையப் பகுதியை, யோசியா மன்னன் காலத்தில் கி.மு. 622 வாக்கில் எருசலேம் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சுருளோடு ஆய்வாளர் பலர் இணைக்கிறார்கள். அதன் 8ஆம் அதிகாரத்தை அவசரமாக வாசிப்பவர் செல்வத்துக்கு எதிரான பிரசங்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படியில்லை. கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவ எண்ணெய், தேன், போதாக்குறைக்கு மலைகளில் இரும்பும் செம்பும் என்று ஒரு விவசாயியின் பூரிப்போடு அது செல்வத்தைப் பட்டியலிடுகிறது. ஆபத்து அடுத்த படியில் வருகிறது: இவை என் கைப்பலத்தால் வந்தவை என்று மனிதன் தனக்குள் சொல்லிக்கொள்ளும் கணத்தில். ஆகவே மருந்தும் வறுமை அன்று, நினைவு. பாலைவனத்தில் பசித்திருந்ததை மறவாதே என்பதுதான் சட்டம்.

அதே நூலின் 17ஆம் அதிகாரம் இந்த அளவுகோலை அரசனிடம் கொண்டுபோகிறது. குதிரைகள், மனைவியர், வெள்ளி, பொன் இவற்றை அவன் பெருக்கக் கூடாது. அவன் இருதயம் தன் சகோதரருக்கு மேலாக உயரக் கூடாது. இவற்றையெல்லாம் பெருக்கிய சாலொமோன் மன்னனின் நிழல் இந்த வரிகளில் விழாமல் இல்லை.

அரசர்களைப் பற்றிய பார்வை பின்னர் எவ்வளவு கூர்மையாயிற்று என்பதைக் காட்ட யூதாவின் மன்னன் உசியாவின் கதை போதும். இரண்டாம் இராஜாக்கள் நூல் அவனுக்குக் குஷ்டம் வந்ததைச் சொல்கிறது, காரணம் சொல்வதில்லை. பாபிலோனியச் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்ட இரண்டாம் நாளாகமம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. கோபுரங்கள், கிணறுகள், மந்தைகள், திராட்சைத் தோட்டங்கள், படை என அவன் வளம் முழுவதையும் விவரித்துவிட்டு, அவன் பலப்பட்டபோது இருதயம் உயர்ந்தது என்கிறது. தூபங்காட்டும் ஆசாரிய உரிமையில் அவன் கைவைத்தது அதன் பிறகுதான். எசேக்கியா மன்னன் மீதும் இராஜாக்கள் நூல் சொல்லாத மேட்டிமைக் குற்றத்தை நாளாகமம் சுமத்துகிறது. நாட்டை இழந்தவர்கள் தங்கள் பழைய மன்னர்களின் கணக்கைத் திரும்ப எழுதினார்கள். அதில் செருக்கு என்ற பத்தி புதிதாகச் சேர்ந்தது.

இதற்கிடையே எச்சரிக்கை எல்லை தாண்டியும் போயிருந்தது. பாபிலோனில் கைதியாயிருந்த எசேக்கியேல், வணிக நகரமான தீருவின் அதிபதியை நோக்கிப் பேசும்போது அவனது வியாபார ஞானத்தை மறுக்கவில்லை. அந்த ஞானம் செல்வத்தைப் பெருக்கியது, செல்வம் இருதயத்தை உயர்த்தியது, உயர்ந்தவன் தன்னைத் தெய்வம் என்றான். திறமையே ஏணியாகிவிடும் என்ற கருத்து இங்கேதான் முழுமை பெறுகிறது.

புதிய ஏற்பாட்டில் குற்றவாளிக்கூண்டில் தனிமனிதன் நிற்கிறான். லூக்கா சொல்லும் மூடனான செல்வந்தனின் மனப்பேச்சில் என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா என்று எல்லாமே ‘என்’. உபாகமம் அஞ்சிய அந்த உள்பேச்சுக்கு இது கதை வடிவம். யாக்கோபின் நிருபமோ நாளைக்கு இந்த ஊர், அடுத்த ஆண்டு இந்த லாபம் என்று திட்டமிடும் வியாபாரியைப் பிடித்துக்கொள்கிறது.

பவுலுக்குப் பின் வந்த தலைமுறையுடையது என்று பல ஆய்வாளர்கள் கருதும் முதலாம் தீமோத்தேயு, 6ஆம் அதிகாரத்தில், செல்வரை எல்லாவற்றையும் விற்கச் சொல்லவில்லை; உயர நினைக்காதிருக்கவும் தாராளமாய்க் கொடுக்கவும் கட்டளையிடுகிறது. இது இயேசுவின் கடுமையை நீர்த்துப்போகச் செய்த சமரசம் என்பார் உண்டு. நான் உடன்படவில்லை. அங்குள்ள கிரேக்கச் சொல்லை நேராகப் பிரித்தால் ‘உயரமாய் எண்ணுதல்’ என்றே வரும். எபிரேயச் சட்டத்தின் பழைய உருவகமே கிரேக்க உடை உடுத்தி வந்திருக்கிறது. செல்வம் கொடையாக வந்தது என்ற நினைப்பும் அதே வசனத்தில் உண்டு. சமரசத்தைவிட, உபாகமத்துக்குத் திரும்பிய பாதை என்பதே பொருத்தம்.

கடைசியில் கூண்டில் ஏறுவது சபையே. கி.பி. 60இல் பூகம்பத்தில் இடிந்த லவோதிக்கேயா, ரோமின் உதவியில்லாமல் தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த ஊர்ச் சபைக்குப் போன கடிதத்தை வெளிப்படுத்தல் நூலின் 3ஆம் அதிகாரத்தில் வாசிக்கலாம். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர்கள் பெருமை பேசினார்களாம். ஊரின் தன்னிறைவு ஆலயத்துக்குள்ளும் நுழைந்துவிட்டிருந்தது.

முதலாம் யோவான் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் பெருமையோடு சேர்ந்து வரும் ‘பியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு வாழ்வு என்றும் பிழைப்புக்கான உடைமை என்றும் இரு பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கே ‘ஜீவன்’ என்று போடாமல் ‘ஜீவனம்’ என்று போட்டது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அதையே ‘செல்வச் செருக்கு’ என்று எழுதியது.